‘வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு!’ - வேலையிடத்து விபத்தை யாரிடம், எப்படிப் பதிவு செய்யணும்?

செஞ்சி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகளுக்கோ, முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கையில் துணி சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “எப்படிங்க அடிபட்டுச்சு?”

அந்தக் கேள்விக்கான பதில் பல நேரங்களில் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே, வண்டிக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. “மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லாதே, போலீஸ் கேஸ் ஆயிடும். வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. செலவை மொதலாளி பார்த்துக்குவாரு.” கூட வந்த மேஸ்திரியோ சூப்பர்வைசரோ இப்படிச் சொல்ல, வலியில் இருப்பவரும் தலையாட்டிவிடுகிறார். டாக்டர் அதையே எழுதுகிறார். அந்த ஒரு வரியோடு ஒரு வேலையிடத்து விபத்து அரசின் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. விரல் போனவரின் இழப்பீட்டு உரிமையும் பாதி போய்விடுகிறது.

வேலையிடத்தில் விபத்து நடந்தால் யார், யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? நிர்வாகம் சொல்லவில்லை என்றால் தொழிலாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

எந்த வல்லம்?

வல்லம் என்றதும் பலருக்கு ஒரகடம் பக்கத்தில் உள்ள வல்லம் - வடகால் சிப்காட்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வல்லம் ஒன்றியம் பற்றி. நெல், மணிலா, கரும்பு என்று விவசாயம்தான் இங்கே பிரதானம். ஆனால் விவசாயத்தை மட்டும் நம்பி இந்தப் பகுதி வாழ்ந்த காலம் போய்விட்டது. ஒருவர் ரைஸ்மில்லுக்குப் போகிறார், ஒருவர் கல் குவாரிக்கு, இன்னொருவர் சென்னையில் கட்டட வேலைக்கு. விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து பிள்ளைகளை ஒரகடத்துக்கும் செய்யாறுக்கும் ஏற்றிக்கொண்டு போகிறது. திண்டிவனம் பக்கம் பெலாக்குப்பத்தில் சிப்காட் வந்துவிட்டது.

அதாவது, பெரிய தொழிற்சாலை ஊருக்குள் இல்லாவிட்டாலும் தொழிற்சாலை விபத்து ஊருக்குள் வரும். அடிபட்டவர் திரும்பி வந்து படுப்பது இங்கே உள்ள வீட்டில்தான். விபத்து நடந்த இடம் ஒரு மாவட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் இன்னொரு மாவட்டம். எந்த ஆபீஸுக்குப் போவது என்று தெரியாமல் பல குடும்பங்கள் உரிமையை விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-வது பிரிவுதான் இந்த விஷயத்தில் நீண்டகாலமாக அடிப்படை. தொழிற்சாலையில் நடந்த விபத்தில் ஒருவர் இறந்தாலோ, காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ, மேலாளர் அரசு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மரணம் என்றால் அதிகாரி ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொன்னது.

88-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் ஆபத்தான சம்பவம் நடந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 89-வது பிரிவு தொழில்சார் நோய்களைப் பற்றியது. சிலிக்கோசிஸ், ஈய நச்சு போன்ற நோய் வந்தால் மேலாளருக்கு மட்டுமல்ல, சிகிச்சை தரும் டாக்டருக்கும் தகவல் தரும் கடமை உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டம், சுரங்கச் சட்டம், கட்டடத் தொழிலாளர் சட்டம் எல்லாம் ‘தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு - 2020’ என்ற ஒரே குடையின் கீழ் வந்திருக்கின்றன. இதன் 10-வது பிரிவிலும் அதே 48 மணி நேரக் கணக்குதான். ஆபத்தான சம்பவத்துக்கு 11-வது பிரிவு, நோய்களுக்கு 12-வது பிரிவு. புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாத பழைய விதிகள் இடைக்காலத்தில் தொடரும்.

இரண்டு மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது 20 பேர் ஆகியிருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்பது 40 ஆகிவிட்டது. ஆனாலும் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடமும் ‘நிறுவனம்’ என்ற வரையறைக்குள் வரும். விபத்தைத் தெரிவிக்கும் கடமையும் அங்கே உண்டு. “எங்களது தொழிற்சாலையே இல்லைங்க” என்று சொல்லி நழுவ முடியாது.

இரண்டாவது, மரண விபத்துக்கான விசாரணைக் காலம் ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதமாக நீண்டுவிட்டது. இது நல்லதாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம், காவல் தடுப்பு மாட்டலாம், சாட்சி சொல்ல வேண்டியவரைச் சொந்த மாநிலத்துக்கே அனுப்பிவிடலாம்.

தண்டனை கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடமையை மீறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கடுமையான காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் முதல் 4 லட்சம் வரை அபராதம். அந்த அபராதத்தில் குறைந்தது பாதியைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் இதெல்லாம் நடக்க, விபத்து நடந்தது என்று முதலில் எங்கேயாவது பதிவாக வேண்டுமே!

எந்த விபத்து, எந்த அலுவலகம்?

*தொழிற்சாலை:* தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பேச்சுவழக்கில் ‘ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்’. விபத்து நடந்த இடம் எந்த மாவட்டமோ, அந்த மாவட்டத்துக்கான அலுவலகம்.

*கல் குவாரி:* குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்குத் தகவல் போக வேண்டும். கனிமவளத் துறைக்குச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உரிமம், வரி பார்க்கும் துறை, பாதுகாப்பு வேறு. மரணமோ கடுங்காயமோ நடந்தால் ஆய்வாளர் வரும் வரை அந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்று 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சொன்னது. வேலையை நிறுத்தவே முடியாத நிலையிலும் குறைந்தது மூன்று நாள் அப்படியே விட வேண்டும்.

*கட்டடம்:* இங்கும் மரணம், 48 மணி நேரக் காயம் இரண்டையும் தெரிவிக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டடமும், சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் 50 லட்சத்துக்கு உட்பட்ட வீடும் புதிய தொகுப்பின் கட்டட வேலை வரையறைக்கு வெளியே இருக்கின்றன. ஊரில் நடக்கும் கட்டட வேலை பெரும்பாலும் இதுதான்.

*கொதிகலன்:* புழுங்கலரிசி ஆலைகளில் பாய்லர் இருக்கும். பாய்லரிலோ நீராவிக் குழாயிலோ விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கொதிகலன் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1923-ல் இருந்தே சட்டம். 2025-ல் வந்த புதிய கொதிகலன் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது.

*மின்சாரம்:* ஷாக் அடித்து மனிதரோ மாடோ இறந்தாலும், காயம் பட்டாலும் 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 161-வது பிரிவுப்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். கிணற்று மோட்டார் விபத்துக்கும் இது பொருந்தும்.

*இ.எஸ்.ஐ.:* இ.எஸ்.ஐ. உள்ள இடம் என்றால் மேலே சொன்ன நோட்டீஸோடு முடிந்துவிடாது. விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் தனியாக அறிக்கை தர வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று கொடுத்ததாக ஆகாது.

*காவல் நிலையம்:* மரணம் என்றால் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை கட்டாயம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தது பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் குற்றம். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்பதால் தொழில் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போலீஸ் பார்ப்பது ‘யார் தப்பு’ என்று. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியது ‘மறுபடி நடக்காமல் இருக்க என்ன மாற்றணும்’ என்று.

சாவை மறைக்க முடியாது, விரலை மறைக்கலாம்

நம் நாட்டில் விபத்துகள் ஒழுங்காகப் பதிவாகின்றனவா? மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனை அமைப்பான டி.ஜி.ஃபாஸ்லியின் கணக்கைப் பாருங்கள். 2017 முதல் 2020 வரை இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் சராசரியாக ஒரு நாளைக்கு 3 பேர் இறந்திருக்கிறார்கள், 11 பேர் காயமடைந்திருக்கிறார்கள். ஒரு சாவுக்கு நாலு காயம்கூட இல்லை.

பிரிட்டனில் 2023-24-ம் ஆண்டில் வேலையிடத்து விபத்துகளில் இறந்தவர்கள் 138 பேர். நிறுவனங்களே அரசுக்குத் தெரிவித்த காயங்கள் 61,663. ஒரு சாவுக்கு சுமார் 447 காயம். இத்தனைக்கும் அங்கே 7 நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமும், சட்டம் பட்டியலிட்ட கடுங்காயமும்தான் கணக்கு. நம்மூரில் 48 மணி நேரம் என்றாலே கணக்கில் வர வேண்டும். நியாயப்படி நம் எண்ணிக்கை இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். அதே ஆண்டில் பிரிட்டனில் தொழிலாளர்களிடமே நேரடியாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பில் காயம்பட்டதாகச் சொன்னவர்கள் 6,04,000 பேர். அங்கேயும் முழுசாகச் சொல்வதில்லை என்பது தெரிகிறது. ஆனால் எவ்வளவு விடுபடுகிறது என்று அவர்கள் அளந்தாவது வைத்திருக்கிறார்கள்.

நம் தொழிற்சாலைகளில் அடிபட்டால் நாலில் ஒருவர் செத்துப்போகும் அளவுக்கு மனித உடல் பலவீனமானதா என்ன? இல்லை. சாவை மறைக்க முடியாது. பிணம் இருக்கிறது, போலீஸ் வரும், ஊர் கூடும். விரலை மறைக்கலாம், முதுகை மறைக்கலாம், தீக்காயத்தை மறைக்கலாம். அப்படி மறைந்துபோனவைதான் அந்தக் கணக்கில் இல்லாத நூற்றுக்கணக்கான காயங்கள்.

ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பிரஸ் மெஷினில் விரல் இழந்தவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு சில ஆண்டுகளாக ‘க்ரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயம்: காயமடைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்ததே விபத்து நடந்த பிறகுதான். விபத்து நடக்கும் வரை அந்தத் தொழிலாளி காகிதத்தில் இல்லை. விரல் போன பிறகுதான் அவருக்கு எண் கிடைக்கிறது.

ஏன் மறைக்கிறார்கள்?

நிர்வாகத்தின் கணக்கு எளிது. நோட்டீஸ் கொடுத்தால் ஆய்வாளர் வருவார். வந்தால் அந்த ஒரு மெஷினை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, எத்தனை பேர் மஸ்டரில் இல்லாமல் வேலை செய்கிறார்கள், ஓவர்டைம் எவ்வளவு என்று எல்லாமே வெளியே வரும். கான்ட்ராக்டருக்கோ அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயம். சில கம்பெனி வாசலில் ‘விபத்தில்லாமல் இத்தனை நாட்கள்’ என்று பலகை இருக்கும். நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். ஆனால் அந்த எண்ணை பூஜ்யமாக்க சூப்பர்வைசருக்கு மனசு வராது. அடிபட்டவரைக் கூட்டிவந்து கேன்டீனில் உட்கார வைத்து ‘வேலைக்கு வந்தார்’ என்று காட்டும் தந்திரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

தொழிலாளியின் கணக்கு வேறு. “மொதலாளி நல்லவரு, ஆஸ்பத்திரி செலவு முழுக்க பார்த்துக்கிட்டாரு. கைல பத்தாயிரமும் கொடுத்தாரு. அவரு மேல எப்படிங்க கேஸ் போடுறது?” கிராமத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே கோயில் திருவிழாவில் பார்த்துக்கொள்பவர்கள். கடன் வாங்கியிருப்பார், தம்பிக்கும் அங்கேயே வேலை இருக்கும். வாய் திறந்தால் மூணு பேர் சோறு போய்விடும் என்ற பயத்தைத் தைரியமின்மை என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம்.

ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்கு ஈடாக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு விரலின் கணக்கு

இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வயது 30. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுசாகப் போய்விட்டது. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை இதை 14 சதவீத ஊனமாகக் கணக்கிடுகிறது. சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். 30 வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 14,97,456. அதில் 14 சதவீதம் சுமார் 2,09,600 ரூபாய். கட்டைவிரல் என்றால் ஊனம் 30 சதவீதம். தொகை சுமார் 4,49,000 ரூபாய்.

மரணம் என்றால் சம்பளத்தில் 50 சதவீதத்தை எடுப்பார்கள். கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய். 40 வயதுக்கான காரணி 184.17. 7,500-ஐ அதால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஊரில் பஞ்சாயத்து பேசி ‘ரெண்டு லட்சம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கங்க’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைக் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை கூடுதல் தொகையும் உண்டு. கான்ட்ராக்டரிடம் வேலை செய்தவர் என்றால் முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம். “நீ எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்ட்” என்ற பதில் இங்கே செல்லாது.

இ.எஸ்.ஐ. இருந்தால் பலன் வேறு மாதிரி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம், மரணம் என்றால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். ஆனால் காயம் வேலையால் வந்தது என்று பதிவாக வேண்டும். ‘வீட்டுல விழுந்தேன்’ என்று எழுதியிருந்தால் வைத்தியம் கிடைக்கும், ஊனப் பலன் கிடைக்காது.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் உரிமை உண்டு. இ.எஸ்.ஐ.யில் இது முன்பே இருந்தது. இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதைச் சேர்த்திருக்கிறது. விடிகாலை கம்பெனி வேனில் ஏறும் வல்லம் பக்கத்துப் பிள்ளைகளின் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சொன்னால்தான் அடுத்த உயிர் பிழைக்கும்

பணம் ஒரு பக்கம். விபத்தைப் பதிவு செய்வதன் முதல் பயன் அடுத்த விபத்தைத் தடுப்பது.

பக்கத்தில் இருக்கும் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 2020 மே 7-ம் தேதி என்.எல்.சி.யின் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பகுதியில் வெடிப்பு. அதில் 5 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ம் தேதி அதே மின் நிலையத்தில் இன்னொரு அலகில் மறுபடியும் வெடிப்பு. 6 பேர் அங்கேயே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, எண்ணிக்கை 13-ஐத் தொட்டது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

இங்கே விபத்தை யாரும் மறைக்கவில்லை. ஆனால் முதல் விபத்திலிருந்து கிடைக்க வேண்டிய பாடம் இரண்டாவது அலகுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. மத்திய அரசு நிறுவனத்திலேயே இந்த நிலை என்றால், ஐந்தாறு பேர் வேலை செய்யும் கிரஷரில் ஒருவர் கை பெல்ட்டில் சிக்கியது வெளியே தெரியாமலே போனால் அடுத்தவர் கையை எது காப்பாற்றும்?

குவாரியில் பாறை சரிவதும் அப்படித்தான். 2022 மே 14-ம் தேதி திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் 6 பேர் சிக்கி, 4 பேர் இறந்தார்கள். 2025 மே 20-ம் தேதி சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் பாறை சரிந்து அன்றே 5 பேர் இறந்தார்கள். பெரிய சரிவுக்கு முன்னால் சின்னச் சின்னதாகக் கல் உருளும், விரிசல் தெரியும், யாராவது ஒருவர் மயிரிழையில் தப்பித்திருப்பார். ‘ஆபத்தான சம்பவத்தையும் சொல்லு’ என்று சட்டம் கேட்பது அதற்காகத்தான்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத, 50 பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடி வைக்காத சிறு குவாரிகளுக்குச் சுரங்கச் சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து நீண்டகாலமாக விலக்கு இருந்து வந்திருக்கிறது. காகிதத்தில் 6 மீட்டர், நேரில் போய்ப் பார்த்தால் எவ்வளவு என்று அளப்பது யார்?

அடிபட்டால் உடனே என்ன செய்யணும்?

1. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்க. எங்கே, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்க. அரசு மருத்துவமனையில் இது விபத்துப் பதிவேட்டில் ஏறும். இதைத்தான் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறோம். பின்னால் எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். தனியார் மருத்துவமனை என்றாலும் வேலையிடத்தில் அடிபட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்க.

2. அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அந்த ஸ்க்ரீன்ஷாட், கம்பெனி அடையாள அட்டை, வேன் பாஸ், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. முடிந்தால் விபத்து நடந்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்க.

3. வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ‘ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான்’ என்று நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீங்க. வலியில் இருப்பவருக்குப் பதிலாகக் கூட இருப்பவர் இதைக் கவனிக்கணும்.

4. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்க. பெரிய மனு வேண்டாம். பெயர், தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும்.

5. துறைக்கும் ஒரு நகல். நிர்வாகம் சொல்லுமா சொல்லாதா என்று காத்திருக்க வேண்டாம். தொழிலாளியோ குடும்பமோ தொழிற்சங்கமோ ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நேரடியாக எழுதலாம். எந்த அலுவலகம் என்று தெரியவில்லையா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்க. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணும் இருக்கிறது.

6. நோட்டீஸ் போனதா என்று கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்: “இந்தத் தேதியில் இந்த இடத்தில் நடந்த விபத்து பற்றி அறிக்கை வந்ததா? வந்திருந்தால் என்ன நடவடிக்கை?” 30 நாளில் பதில் தர வேண்டும்.

7. இழப்பீட்டைத் தள்ளிப்போடாதீங்க. 1923 சட்டத்தில் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்தது. அதற்குள் தொழிலாளர் துறையில் போய் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. பணமில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உதவி கிடைக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். டிராக்டர், அறுவடை இயந்திரம் போன்றவற்றில் கூலிக்கு வேலை செய்பவர்களும் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். ‘விவசாய வேலைக்கு ஏதுங்க நஷ்டஈடு’ என்று விட்டுவிட வேண்டாம். கட்டட வேலையிடத்தில் இறந்தவர் நலவாரியத்தில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் குடும்பத்துக்கு வாரியத்தின் உதவித்தொகை உண்டு.

அரசு செய்ய வேண்டியது

விபத்தைச் சொல்லும் பொறுப்பை, அதைச் சொன்னால் மாட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டுமே சட்டம் விட்டிருக்கிறது. அடிப்படைக் கோளாறு இதுதான். இதைச் சரிசெய்ய புதுச் சட்டம்கூட வேண்டாம். இருக்கும் காகிதங்களை ஒன்றோடொன்று இணைத்தாலே பாதி வேலை முடியும்.

அரசு மருத்துவமனையில் ‘வேலையிடத்தில் அடிபட்டது’ என்று பதிவாகும் ஒவ்வொரு ஏ.ஆர். பதிவும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தானாகவே போகும்படி செய்யலாம். நிர்வாகம் கொடுத்த நோட்டீஸ்களோடு அதை ஒப்பிட்டால், யார் மறைத்தார்கள் என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் இதையே செய்யலாம்.

மாவட்டவாரியாக விபத்துப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். தொழிலாளியின் பெயர் வேண்டாம். எந்த வகை இடம், எந்த மெஷின், என்ன காயம், என்ன நடவடிக்கை என்று இருந்தால் போதும். கிராம சபையில் படிக்கலாம், சங்கங்கள் கேள்வி கேட்கலாம், பத்திரிகைகள் எழுதலாம்.

விபத்தை ஒழுங்காகச் சொல்லும் நிறுவனத்தையும், மறைத்து மாட்டிய நிறுவனத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. நேர்மையாக நோட்டீஸ் கொடுத்தவருக்குத் திருத்திக்கொள்ள வழிகாட்டல் கிடைக்கட்டும். மறைத்தவருக்கு, காயத்துக்கான தண்டனையோடு மறைத்ததற்கும் தனியாகத் தண்டனை வேண்டும். இல்லையென்றால் மறைப்பதுதான் லாபம் என்ற கணக்கு மாறாது.

தமிழ்நாடு அரசு புதிய தொகுப்புகளுக்கு ஏற்ப விதிகளை வகுக்கும்போது, 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலும் மரணம், உறுப்பு இழப்பு இரண்டையாவது கட்டாயம் பதிவு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் நடக்கும் பிறப்பு, இறப்பு, பயிர் சேதம் என்று எல்லாம் எழுதுகிறார். கிணறு தோண்டும்போது செத்தவரையும், கதிரடிக்கும் மெஷினில் கை போனவரையும் எழுதி மேலே அனுப்ப அவருக்கு ஒரு படிவம் கொடுப்பது பெரிய காரியமில்லை.

உலகத் தொழிலாளர் அமைப்பின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, வேலை தொடர்பான விபத்தாலும் நோயாலும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் சாகிறார்கள். அந்த எண்ணில் நம் பங்கு எவ்வளவு என்று நமக்குச் சரியாகத் தெரியாது. தெரியாத வரை திட்டம் போட முடியாது, ஆய்வாளர் பணியிடம் கேட்க முடியாது, பட்ஜெட்டும் வராது. பதிவாகாத காயத்துக்கு வைத்தியம் செய்த செலவெல்லாம் கடைசியில் தொழிலாளியின் வீட்டுக் கடன் நோட்டில்தான் ஏறுகிறது.

இந்த மாதம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வேலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “ஏ.ஆர். காப்பியில என்ன எழுதியிருக்கு?” தப்பாக எழுதியிருந்தால், நடந்ததை விளக்கி மருத்துவமனைக்கும் தொழிலாளர் துறைக்கும் இன்றே ஒரு மனு எழுத உதவுங்க. நாள் ஆக ஆக சாட்சி சொல்ல ஆள் குறையும்.